தலைசுற்றலுக்கு வருபவரிடம் குறட்டையைப் பற்றியும் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறட்டையையும் உறக்கத்தில் ஏற்படும் மூச்சுத்தடையையும் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையையும், அதற்கு மறுமொழியாக வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். கட்டுரை இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், பக்கவாதம் ஆகியவற்றோடு நின்றுவிட்டது. காதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வாசகரின் கடிதமோ காதைப் பற்றி மட்டுமே பேசியது. மூக்கின் வழியே காற்றழுத்தம் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சி-பேப் கருவியைப் பொருத்திக்கொண்டு உறங்கினால் காலையில் காது அடைத்துக்கொள்கிறது, இரைச்சல் கேட்கிறது, ஆகவே அந்தக் கருவி காது நரம்பைக் கெடுக்கிறது என்று அவர் முடித்திருந்தார். இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப்போன செய்தி பெரிது என்று எண்ணுவதால் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். மெனியர் நோய் எனப்படும் உள்காதுக் கோளாறும் உறக்க மூச்சுத்தடையும் ஒருங்கே உள்ளவன் என்பதால் இவை இரண்டைப் பற்றியும் வெளிவரும் ஆய்வுகளைத் தேடிப் படித்துவருகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைசுற்றலுக்கும் காது இரைச்சலுக்கும் மருத்துவம் பார்ப்பவர்கள் நோயாளியின் உறக்கத்தைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பதில்லை. உறக்கக் கோளாறுக்கு மருத்துவம் பார்ப்பவர்கள் காதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. இதனால் சிலருக்குப் பயன் தரக்கூடிய சிகிச்சை கை நழுவிப் போகிறது. சிலருக்குக் கட்டாயம் தேவைப்படும் கருவி அச்சத்தால் பரண் ஏறுகிறது. இன்னும் சிலருக்கோ தலைசுற்றலுக்காக எழுதித் தரப்படும் மாத்திரையே இரவு மூச்சுத்தடையை மோசமாக்குகிறது.

உறக்க மூச்சுத்தடை என்பது வெறும் குறட்டை அன்று. உறங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபட, குறைந்தது 10 விநாடியாவது காற்றோட்டம் நின்றுபோவதைத்தான் மருத்துவர்கள் ஒரு தடையாகக் கணக்கிடுகிறார்கள். முழுத் தடையும் அரைகுறைத் தடையும் சேர்ந்து மணிக்கு 5 முதல் 15 முறை நேர்ந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, 30-க்கு மேல் போனால் கடுமையானது. கடுமையான நிலையில் உள்ள ஒருவர் எட்டு மணி நேரம் உறங்கினால் 240 முறைக்கு மேல் அவருடைய மூச்சு தடைப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் உயிர்வளி இறங்கி, மூளை பதறி அரைகுறையாக விழித்து, ரத்த அழுத்தம் ஏறி, மீண்டும் மூச்சு தொடங்குகிறது. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 10 கோடிப் பேருக்கு, இந்தக் கோளாறு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள்.

இதற்கும் காதுக்கும் என்ன தொடர்பு என்பது உள்காதின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் நத்தைக்கூடு போன்ற உறுப்பும், உடலின் சமநிலையை உணர்த்தும் மூன்று அரைவட்டக் குழாய்களும் உள்காதில்தான் இருக்கின்றன. இவை அனைத்துக்கும் ரத்தம் கொண்டுசெல்வது மெல்லிய ஒரே ஒரு தமனியும் அதன் கிளைகளும்தான். உடலின் பல பாகங்களில் ஒரு குழாய் அடைபட்டால் பக்கத்துக் குழாய் ஈடுகொடுக்கும். உள்காதுக்கு அப்படிப்பட்ட மாற்றுவழி கிடையாது. அதே சமயம், நத்தைக்கூட்டின் பக்கச்சுவரில் உள்ள ரத்த நாளப் படலம் ஓயாமல் அயனிகளை இறைத்து, உள்காதுத் திரவத்தின் மின்னழுத்தத்தைக் காத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. செலவு மிகுதி, வரவோ ஒற்றை வழி. இரவு முழுதும் உயிர்வளி ஏறி இறங்கும் ஓர் உடலில் முதலில் வாடக்கூடிய இடங்களில் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும் என்று அறிவியலாளர்கள் ஐயுறுவதில் வியப்பில்லை.

இரண்டாவது வழியும் ஒன்று உண்டு. பொதுவாக அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தொண்டை அடைபட்டிருக்கும்போது நெஞ்சு விடாமல் இழுத்துப் பார்க்கிறது. அந்த வீண்முயற்சியில் நெஞ்சறைக்குள் அழுத்தம் மிகவும் கீழே போகிறது. இதயத்துக்கு ரத்தம் திரும்பும் வேகம் தாறுமாறாகிறது. மண்டையோட்டுக்குள் இருக்கும் அழுத்தமும் மூச்சு தடைப்படும்போதெல்லாம் உயர்வதை நேரடியாக அளந்து பார்த்திருக்கிறார்கள். மூளையைச் சூழ்ந்துள்ள திரவத்துக்கும் உள்காதுத் திரவத்துக்கும் இடையே மிக நுண்ணிய கால்வாய் ஒன்று இருப்பதால், அந்த அழுத்த ஏற்ற இறக்கம் உள்காதையும் எட்டுவதற்கு இடமுண்டு. இது பொருத்தமான விளக்கம் என்ற அளவில்தான் நிற்கிறது; மெய்ப்பிக்கப்பட்ட காரணம் என்று கொள்வதற்கில்லை.

மக்கள்தொகை அளவிலான ஆய்வுகள் இந்தத் தொடர்பை ஓரளவு காட்டுகின்றன. அமெரிக்காவில் வாழும் ஹிஸ்பானிய, லத்தீன் மக்கள் 13,967 பேரிடம் உறக்கத்தையும் கேட்கும் திறனையும் நேரடியாக அளந்து பார்த்து 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மூச்சுத்தடை உள்ளவர்களுக்குக் கேட்கும் குறைபாடு இருப்பதற்கான வாய்ப்பு, வயது, உடல் எடை முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், சுமார் 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. தைவானில் திடீரென்று காது கேளாமல்போன மூவாயிரத்துச் சொச்சம் பேரின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டவர்கள், ஆண்களிடம் அந்தத் தொடர்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகத் தெரிந்தது என்றும் பெண்களிடம் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். இப்படிப்பட்ட எண்களை மிகைப்படுத்துவது எளிது. இரண்டும் ஒருங்கே காணப்படுகின்றன என்பதுதான் இவற்றின் பொருள். ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று இவை காட்டவில்லை. முதுமை, பருமன், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை இரண்டுக்கும் பொதுவான நிலங்கள். கணக்கில் கழித்துவிட்டோம் என்றாலும் முழுதும் கழிந்துவிடுவதில்லை.

மெனியர் நோய்க்கு வருகிறேன், ஏனெனில் சி-பேப் சிகிச்சையால் காது தேறக்கூடும் என்ற நம்பிக்கை முதன்மையாக இங்கிருந்துதான் கிளம்புகிறது. பாரிஸ் நகரில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த புரோஸ்பர் மெனியர் 1861-இல், திடீர்த் தலைசுற்றலும் காது இரைச்சலும் செவித்திறன் குறைவும் மூளையில் தொடங்குவன அல்ல, உள்காதிலேயே பிறக்கக்கூடும் என்று எடுத்துரைத்தார். அதுவரை இத்தகைய சுற்றலை மூளைக்கு ரத்தம் மிகுவதால் வருவது என்று கருதிக் குருதியை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். 1938-இல் லண்டனில் ஹால்பைக், கெய்ர்ன்ஸ் ஆகியோரும் ஜப்பானில் யமகாவாவும் இந்த நோயில் உள்காதுத் திரவம் பெருகிச் சவ்வுகள் உப்பியிருப்பதைக் கண்டார்கள். ஏன் பெருகுகிறது என்ற கேள்விக்கு இன்றுவரை ஒரே விடையில்லை.

ஜப்பானின் நகோயா நகரப் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள், மெனியர் நோயாளிகளின் உறக்கத்தை ஆராய்ந்து அதில் ஆழ்ந்த உறக்கம் குறைந்திருப்பதைக் கண்ட பிறகு, அடுத்த அடியை எடுத்துவைத்தார்கள். மெனியரும் மூச்சுத்தடையும் ஒருங்கே உள்ள 20 பேருக்கு, வழக்கமான மெனியர் மருந்துகள் எதுவுமின்றி, சி-பேப் சிகிச்சை மட்டும் ஆறு மாதம் அளித்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவுகளின்படி, செவித்திறன் அளவீடு குறிப்பிடத்தக்க அளவு தேறியது. தலைசுற்றலால் அன்றாட வாழ்வு முடங்குவதை அளக்கும் மதிப்பெண்ணும் குறைந்தது. ஆனால் காதில் வெதுவெதுப்பான நீரையும் குளிர்ந்த நீரையும் செலுத்திச் சமநிலை உறுப்பைச் சோதிக்கும் பரிசோதனையில் மாற்றம் இல்லை.

இந்தச் செய்தியைக் கேட்டவுடன் தலைசுற்றல் உள்ளவர் எல்லாரும் சி-பேப் வாங்க வேண்டும் என்று தோன்றினால், அதைத் தடுக்க வேண்டியதும் என் கடமை. அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. அதை நடத்தியவர்களே முன்னோடி ஆய்வு என்றுதான் பெயரிட்டார்கள். மெனியர் நோயில் ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு எவ்வளவு ஏமாற்றக்கூடும் என்பதற்கு வரலாறு உண்டு. 1981-இல் டென்மார்க் மருத்துவர்கள், உள்காதுத் திரவப் பையை வடிக்கும் அறுவை சிகிச்சையை 15 பேருக்கும், அந்தப் பையைத் தொடாமல் காதின் பின்புற எலும்பை மட்டும் திறந்து மூடும் போலி அறுவையை மற்ற 15 பேருக்கும் செய்து ஒப்பிட்டபோது, இரு சாராரிலும் பெரும்பாலோர் தேறினார்கள். அதன்மேல் நெடுங்காலம் விவாதம் நடந்தது என்றாலும், சும்மா இருந்தாலும் தணியக்கூடிய நோய் இது என்ற எச்சரிக்கை அதனால் நிலைத்தது. நம் ஊரில் தலைசுற்றல் என்றவுடனே எழுதப்படும் பீட்டாஹிஸ்டின் மாத்திரையும் இதற்கு விலக்கன்று. ஜெர்மனியில் 221 மெனியர் நோயாளிகளிடம் ஒன்பது மாதம் நடத்தி 2016-இல் வெளியிட்ட சோதனையில், குறைந்த அளவு மாத்திரை பெற்றவர்கள், கூடுதல் அளவு பெற்றவர்கள், மருந்து கலவாத வெறும் மாத்திரை பெற்றவர்கள் ஆகிய மூன்று குழுவினருக்கும் சுற்றல் வருவது ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. வெறும் மாத்திரைக்கே இவ்வளவு குறையும் என்றால், நகோயாவில் 20 பேர் தேறியதில் சி-பேப்பின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதயத்தைப் பற்றிய அனுபவமும் அடக்கத்தையே கற்பிக்கிறது. மூச்சுத்தடைக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு காதைவிடப் பன்மடங்கு உறுதியாக நிறுவப்பட்டது. ஆனாலும் ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ கண்ட 2,717 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட பெருஞ்சோதனையில், சி-பேப் குறட்டையையும் பகல் தூக்கத்தையும் குறைத்ததே தவிர, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் சராசரியாக ஓர் இரவுக்கு 3.3 மணி நேரமே கருவியைப் பயன்படுத்தினார்கள் என்பதைச் சுட்டிக்காட்டி, போதிய நேரம் போட்டிருந்தால் பயன் தெரிந்திருக்கும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அப்படியும் இருக்கலாம். காதுக்கும் அதே கேள்வி பொருந்தும்: பாதி இரவு மட்டும் பொருத்திக்கொண்டு மறுபாதியில், அதிலும் தடை மிகுதியாக நேரும் விடியற்கால உறக்கத்தில், கழற்றி வைத்துவிடுபவருக்கு எந்த உறுப்பு எவ்வளவு பயன்பெறும்?

ஆகவே என் நிலைப்பாடு இதுதான். சி-பேப் மெனியருக்கான மருந்து என்று சொல்லும் தகுதியை இன்னும் பெறவில்லை. ஆனால் மெனியர் உள்ள ஒருவருக்கு மூச்சுத்தடையும் இருப்பது தெரிந்தால், அந்தத் தடைக்காகவே சிகிச்சை தேவைப்படுகிறது; காது அதனால் தேறினால் அது கூடுதல் ஆதாயம். தேறாவிட்டாலும் இழப்பில்லை. மூச்சுத்தடை இருப்பதைத் தெரிந்துகொள்வதற்கு ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். என் தலைசுற்றலுக்குப் பல ஆண்டுகள் மருந்து எழுதித் தந்த மருத்துவமனையில் உப்பைப் பற்றிக் கேட்டார்கள், காபியைப் பற்றிக் கேட்டார்கள், மன அழுத்தத்தைப் பற்றிக்கூடக் கேட்டார்கள். இரவில் மூச்சு நிற்கிறதா என்று கேட்கவில்லை. கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று மட்டும் ஒரு முறை படம் எடுத்துக் காட்டினார்கள். நம் மாநிலத்தில் ஐம்பதைத் தாண்டிய எவரும் தலை சுற்றுகிறது என்று போனால் இந்தத் தேய்மானம் தப்பாமல் கண்டுபிடிக்கப்படுவதைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம்.

உப்பைக் குறிப்பிட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். மெனியர் நோயாளிகளை உப்பைக் குறைக்கச் சொல்வது நெடுநாளைய வழக்கம். பகலில் கால்களில் தேங்கும் நீர் இரவில் படுத்தவுடன் கழுத்துப் பகுதிக்கு நகர்ந்து தொண்டைத் திசுக்களைத் தடிக்கச் செய்து மூச்சுத்தடையை மிகுதியாக்குகிறது என்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையை ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் எளிதாகத் தாண்டச் செய்துவிடும். இரண்டு நோய்க்கும் ஒருசேர உதவக்கூடிய, செலவில்லாத அறிவுரை இது ஒன்றுதான்.

இனி அந்த வாசகரின் கவலைக்கு வருகிறேன். அது பொய்யான கவலை அன்று. சி-பேப் கருவியை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் 1980-இல் உருவாக்கி, கடும் மூச்சுத்தடை இருந்த ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981-இல் லான்செட் இதழில் வெளியிட்டார். அதற்கு முன்பு இத்தகையவர்களுக்கு மூச்சுக்குழாயில் துளையிடுவதே வழியாக இருந்தது. தொண்டை மூடிக்கொள்ளாதபடி மூக்கின் வழியே காற்றழுத்தத்தைச் செலுத்தி முட்டுக்கொடுப்பதுதான் இதன் தத்துவம். அந்தக் காற்று தொண்டையோடு நிற்பதில்லை. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறக்கிறது. அப்போது அழுத்தம் மிகுந்த காற்று நடுக்காதுக்குள் புகுந்து செவிப்பறையை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. கருவி ஓடும்போது நடுக்காதின் அழுத்தம் உயர்வதை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். காது அடைப்பது போலவும், களுக்களுக்கென்று ஒலிப்பது போலவும் தோன்றுவது இதனால்தான்.

அந்த அழுத்தம் எவ்வளவு என்பதை இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் கணக்கிட்டுச் சொல்கிறேன். கருவிகள் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர்மட்டம் வரை அழுத்தம் தருகின்றன. பலருக்குப் போதுமானதாக இருக்கும் 10 சென்டிமீட்டர் என்பது வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு. எங்கள் திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். அடிவாரத்திலிருந்து உச்சிப் பிள்ளையார் சந்நிதி வரை ஏறும்போது காற்றழுத்தம் குறைவதும் ஏறத்தாழ இதே அளவுதான். ஒரு விமானம் மேலெழும்போது பயணிகள் அறைக்குள் நேரும் மாற்றம் இதைப்போல் 25 மடங்குவரை இருக்கக்கூடும். வேறுபாடு என்னவென்றால், மலையேறுபவரின் காது ஒரு முறை விழுங்கினால் சரியாகிவிடும். கருவி ஓடும்வரை தொண்டையிலும் அழுத்தம் மிகுந்தே இருப்பதால், முகமூடியைக் கழற்றும்வரை நடுக்காதுக் காற்று வடிய வழி குறைவு. ஆரோக்கியமான செவிப்பறையைக் கிழிக்கவோ உள்காது நரம்பை அழிக்கவோ இந்த அழுத்தம் போதாது. சங்கடம் தர மட்டும் போதும். சளி பிடித்திருக்கும்போது வலியும் தரும்.

விலக்குகள் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. நடுக்காதில் சீழ்த்தொற்று இருக்கும்போதும், செவிப்பறை ஒட்டு அறுவையோ காதுச் சிற்றெலும்பு அறுவையோ செய்துகொண்ட பிறகும், நடுக்காதுக்கும் உள்காதுக்கும் இடையிலான சவ்வில் கசிவு இருப்பதாக ஐயம் இருக்கும்போதும், கருவியைத் தொடரலாமா, எவ்வளவு நாள் நிறுத்த வேண்டும் என்பதைக் காது மருத்துவரும் உறக்க மருத்துவரும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். காதில் அறுவை செய்துகொள்ளப்போகிறவர் தாம் சி-பேப் பயன்படுத்துவதைச் சொல்லாமல் விட்டுவிடுவது நடக்கக்கூடியதே, கேட்டால்தானே சொல்வார்?

இந்த விலக்குகளில் சேராதவர்களுக்குப் பரிகாரங்கள் எளியவை. மூக்கடைப்பை முதலில் சரிசெய்ய வேண்டும், ஏனெனில் மூக்கு வீங்கியிருந்தால் யூஸ்டேஷியன் குழாயின் வாயும் வீங்கியிருக்கும். கருவியோடு வரும் ஈரப்பதமூட்டியைச் சூடாக்கிப் பயன்படுத்த வேண்டும். நீரைச் சிக்கனப்படுத்துவதாக எண்ணி அதை வறண்டபடியே ஓட்டுபவர்களை நான் அறிவேன். படுத்தவுடன் குறைந்த அழுத்தத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றும் வசதியும், மூச்சை வெளிவிடும்போது அழுத்தத்தைத் தளர்த்தும் வசதியும் இன்றைய கருவிகளில் உள்ளன. அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் தானியங்கிக் கருவியில் மேல் எல்லை 20 என்று விற்பனையாளர் வைத்ததையே யாரும் மாற்றாமல் விட்டிருப்பார்கள்; முகமூடியில் கசிவு ஏற்படும்போது அது தேவையின்றி மேலே ஏறவும் கூடும். கருவியில் பதிவாகும் தரவுகளைப் பார்த்து அந்த எல்லையை மருத்துவர் குறைத்துத் தந்தாலே பாதிப்பேரின் காது அடைப்பு தணிந்துவிடும் என்பது என் எண்ணம்.

அழுத்தத்தைக் காதுக்கு மருந்தாகவே பயன்படுத்திப் பார்த்தவர்களும் உண்டு என்பது இங்கே சுவையான பக்கச்செய்தி. செவிப்பறையில் ஒரு சிறு குழலைப் பதித்து, அதன் வழியே மெல்லிய அழுத்தத் துடிப்புகளை நடுக்காதுக்குள் அனுப்பும் மெனியெட் என்னும் கருவி மெனியர் நோய்க்காக 20 ஆண்டுகளுக்கு முன்பே சந்தைக்கு வந்தது. பின்னர் போலிக் கருவியோடு ஒப்பிட்டு நடந்த சோதனைகளில் அதன் பெருமை பெரிதும் சுருங்கியது. நடுக்காதின் அழுத்தம் சற்றே மிகுவது உள்காதை அழிக்கும் என்று அஞ்சுபவர்களும், குணமாக்கும் என்று நம்புபவர்களும் இதைக் கவனிக்கலாம்.

எல்லாவற்றையும்விட அவசரமாக நான் சொல்ல விரும்புவது மாத்திரைகளைப் பற்றியது. கடுமையான சுற்றல் வரும்போது, உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் தவறான சேதியை அடக்குவதற்காக டயஸிபாம், குளோனஸிபாம் போன்ற மாத்திரைகள் தரப்படுவதுண்டு. ஓரிரு நாளுக்கு அவை தேவைப்படலாம். ஆனால் சுற்றல் மீண்டும் வந்துவிடுமோ என்ற பயத்திலும், அவற்றால் உறக்கம் நன்றாக வருகிறது என்பதாலும், பழைய சீட்டையே காட்டி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்கள் நம்மிடையே ஏராளம். இந்த வகை மருந்துகள் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தக்கூடியவை. மூச்சு தடைப்பட்டவுடன் மூளை விழித்தெழுவதையும் தாமதப்படுத்தக்கூடியவை. கண்டறியப்படாத மூச்சுத்தடை உள்ளவருக்கு இரவு படுக்கும்முன் இவற்றைத் தருவது, நோயை மூடிவைத்துக்கொண்டே வளர்ப்பதற்கு ஒப்பாகும். காலையில் தலை கனத்து, நடை தள்ளாடி எழுந்தால், சுற்றல் இன்னும் தீரவில்லை என்று அளவு கூட்டப்படுவதும் நேர்கிறது. நெடுநாள் உட்கொண்டவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. அதுவும் ஆபத்தே, மருத்துவரைக் கொண்டு படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தலைசுற்றலுக்கு எழுதும் இரவு மாத்திரைக்கு முன்பு குறட்டை உண்டா என்று கேட்பதற்கு அரை நிமிடமும் ஆகாது.

எல்லாத் தலைசுற்றலும் மெனியர் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் சில விநாடிகள் மட்டும் சுற்றினால், பெரும்பாலும் அது உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைக்கும் எளிய முறையில் மருத்துவர் அதை அங்கேயே சரிசெய்யக்கூடும். அதற்கு மாத்திரையும் தேவையில்லை, காற்றுக் கருவியும் தேவையில்லை.

சி-பேப் பயன்படுத்துபவர்களுக்குக் குறிப்பான ஆபத்து ஒன்றும் இருக்கிறது. ஒரு நாள் காலை எழும்போது ஒரு காது மந்தமாக இருந்தால், கருவியின் காற்றால் வழக்கம்போல் அடைத்திருக்கிறது என்று எண்ணி நாளைக் கடத்திவிடுவது இயல்பு. அது திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பாக இருந்தால், ஸ்டீராய்டு சிகிச்சையைச் சில நாள்களுக்குள், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள், தொடங்கினால்தான் மீள்வதற்கு நல்ல வாய்ப்பு. வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றைக் காது மருத்துவர்கள் சொல்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு உம் என்று நீட்டி முனகிப் பார்க்க வேண்டும். அந்த ஒலி அடைத்த காதில் ஓங்கிக் கேட்டால் அது காற்றடைப்பாகவோ மெழுகடைப்பாகவோ இருக்க வாய்ப்பு மிகுதி. மறு காதில் ஓங்கிக் கேட்டால் நரம்பு சார்ந்ததாக இருக்கக்கூடும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகமூடியைக் கழற்றிச் சில மணி நேரத்தில் திறக்காத காது எதுவானாலும் பரிசோதனைக்குரியதே.

இவற்றுக்கெல்லாம் புதிய மருத்துவமனையோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. கனடாவின் டொராண்டோ நகரில் மயக்கவியல் மருத்துவர்கள் 2008-இல் வகுத்த எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று உலகெங்கும் புழங்குகிறது. குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, ரத்த அழுத்தம், உடல் பருமன், வயது, கழுத்தின் சுற்றளவு, ஆணா பெண்ணா என்பவைதாம் அந்த எட்டு. அறுவைக்கு முன் கேட்பதற்காக உருவான அதைக் காது, மூக்கு, தொண்டைப் பிரிவின் வெளிநோயாளிச் சீட்டில் அச்சிட்டுவிடலாம். துணைவரையும் அழைத்து வரச்சொல்வது நல்லது. தம் மூச்சு நிற்பதை உறங்குபவர் அறியமாட்டார். அதேபோல, உறக்கப் பரிசோதனைக்கான படிவத்தில் காது இரைச்சல், தலைசுற்றல், காதில் முன்பு செய்த அறுவை ஆகிய மூன்றையும் கேட்டுவிட்டு, கருவியைத் தொடங்குமுன் செவித்திறனை ஒரு முறை அளந்து வைத்தால், பின்னர் காது கெட்டது கருவியாலா, வயதாலா, நோயாலா என்ற வழக்குக்கு ஓர் அடிப்படை ஆவணமாவது இருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காதுப் பிரிவும் நெஞ்சக நோய்ப் பிரிவும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. ஒரு சீட்டு இங்கிருந்து அங்கே போவதற்கு அரசாணைகூடத் தேவையில்லை.

தனியார் விற்பனையில் நிலைமை வேறு. பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்து இணையத்தில் கருவியை வரவழைத்து, மருத்துவரின் பின்தொடர்தல் எதுவுமின்றி வீட்டில் பொருத்திக்கொள்பவர்கள் பெருகிவருகிறார்கள். அவர்களுக்குக் காது அடைத்தால் கேட்பதற்கு ஆளில்லை. கருவி பரணுக்குப் போகிறது. விற்பவர்கள் முதல் மூன்று மாதத்துக்காவது தரவுகளை மருத்துவர் ஒருவரின் பார்வைக்கு அனுப்பியாக வேண்டும் என்று மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நிபந்தனை விதிக்க முடியுமா என்பதைச் சட்டம் அறிந்தவர்கள் ஆராய வேண்டும். தங்கள் மருத்துவப் பக்கத்தில் அடுத்து இந்தப் பொருளை எடுத்துக்கொள்ளும்போது, ஒரு காது மருத்துவரையும் ஒரு உறக்க மருத்துவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, இரவு மாத்திரைகளைப் பற்றிய கேள்வியை முதல் கேள்வியாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
ஸ்ரீரங்கம், திருச்சி.